ஒட்டிப்போன இரண்டு நெஞ்சுப் படங்கள்

எக்ஸ்ரே வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பி தங்கச்சிகளுக்கு, உங்களில் நாலு பேர் போன வாரம் வீட்டுக்கு வந்து, "பழைய அனுபவம் ஏதாவது எழுதிக் குடுங்க" என்று கேட்டுவிட்டுப் போனீர்கள். எழுத உட்கார்ந்தால் எனக்கு ஒரு நாள்தான் திரும்பத் திரும்ப வருகிறது. அதில் பாடம் இருந்தால் நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள். எனக்கு அந்த நாள் இன்றைக்கும் குழப்பமாகத்தான் இருக்கிறது.

நான் பத்தாவதோடு நின்றவன். கள்ளக்குறிச்சியில் ஒரு டாக்டரின் கிளினிக்கை ஒட்டிய எக்ஸ்ரே அறையில், இருட்டு ரூமில் படம் கழுவுவது என் வேலை. காலையில் குளித்து, திருநீறு பூசி, அர்த்தநாரீசுவரரை நினைத்துக்கொண்டுதான் சிவப்பு விளக்கைப் போடுவேன்.

உங்களுக்குப் படம் கம்ப்யூட்டரில் வந்துவிடுகிறது. எங்களுக்கு எல்லாமே ஈரம். ஃபிலிம் என்பது ஒரு பிளாஸ்டிக் தகடு. அதன் இரண்டு பக்கமும் ஜெலட்டின் பூச்சு இருக்கும், வெங்காயத்தின் உள்தோலைவிட மெல்லிசாக. மாட்டு எலும்பும் தோலும் காய்ச்சி எடுத்த பசை அது என்று எனக்குத் தெரியவந்தபோது வேலையில் சேர்ந்து பத்து வருசம் ஆகியிருந்தது. நான் சைவம். வீட்டில் சொல்லவில்லை.

அந்தப் பூச்சு தண்ணீரைக் கண்டால் குடிக்கும். குடித்து உப்பும். அப்போதுதான் மருந்து உள்ளே போய்ப் படத்தைக் கொண்டுவரும். கடைசியில் ஹைப்போ என்கிற உப்புக் கரைசலில் போட்டுப் படத்தை நிலைக்க வைப்போம். அந்த உப்பும் பூச்சுக்குள் புகுந்துகொள்ளும். அதை ஓடுகிற தண்ணீரில் அரை மணி நேரம் கழுவி வெளியேற்ற வேண்டும். கழுவாமல் காயப்போட்டால் அன்றைக்கு ஒன்றும் தெரியாது. படம் பளபளவென்று இருக்கும். மழைக்காலம் வரட்டும், உள்ளே தங்கின உப்பு காற்றில் இருக்கிற ஈரத்தையெல்லாம் கூப்பிட்டு உட்காரவைத்துக்கொள்ளும். படம் பிசுபிசுக்கும். தொட்டால் விரலோடு வரும்.

உப்பு ஈரத்தை இழுக்கும். இது எனக்குப் புரிந்தது. புரியாதது இன்னொன்று. எனக்கு முன்பிருந்தே அங்கே வேலை பார்த்த ரேடியோகிராஃபர் அம்மா ஒருவர், கோடையில் தொட்டித் தண்ணீர் கொதிக்கும்போது மருந்தில் சோடியம் சல்ஃபேட் என்று ஒரு வெள்ளை உப்பைப் போடச் சொல்வார். "வெறும் தண்ணியில போட்டா பூச்சு நிறுத்தாம குடிச்சிகினே இருக்கும், ஊறிப்போய் தோலா வழண்டுரும். உப்புத் தண்ணியில அளவாத்தான் குடிக்கும்" என்பார். "அதெப்படிங்க மேடம், உப்புதான் தண்ணிய இழுக்கும்னு நீங்களே சொன்னீங்க?" என்று கேட்டேன். "உள்ள இருக்கிற உப்பு வேற, வெளிய இருக்கிற உப்பு வேறய்யா" என்றார். தலையாட்டினேன். மண்டையில் ஏறவில்லை.

இப்போது அந்த நாளுக்கு வருகிறேன்.

சித்திரை மாசம், காலை ஒன்பதரை மணி. கல்வராயன் மலையில் வெள்ளிமலைப் பக்கத்திலிருந்து புருசனும் பெண்சாதியும் வந்தார்கள். அவர் பொன்னுசாமி, அந்தப் பெண் அலமேலு. இரண்டரை வருசத்துக்கு முன்னால் அலமேலுவுக்குக் காசநோய் வந்து, ஆறு மாசம் மருந்து சாப்பிட்டுக் குணமாகியிருந்தாள். இப்போது ஒரு மாசமாக மறுபடி இருமல். சளியைப் பரிசோதித்ததில் ஒன்றும் இல்லை. ஆனால் நான் அப்போது கழுவிக் கொடுத்த புதுப் படத்தில், வலது பக்கம் மேலே, கட்டை விரல் நகம் அளவுக்கு ஒரு நிழல் இருந்தது.

நெஞ்சுப் படத்தில் காற்று நிறைந்த நுரையீரல் கறுப்பாக விழும். கோளாறு உள்ள இடம் வெளுப்பாகத் தெரியும். அந்த வெளுப்பைத்தான் நிழல் என்கிறோம்.

டாக்டர் அவர்களை உட்காரவைத்துச் சொன்னார். "மருந்து முடிச்சப்ப ஒரு படம் எடுத்தோமே, அதுலயும் இதே எடத்துல இது இருந்தா ஆறின தழும்பு. வூட்டுக்குப் போய் வேலையப் பாக்கலாம். அப்ப இல்லாம இப்பதான் வந்திருக்குன்னா சும்மா விட முடியாது. சேலத்துக்குப் போய் உள்ள ஊசி வுட்டு சதை எடுத்துப் பாக்கணும். பழைய படம் இருக்குதா?"

"சேலம்லாம் வேணாங்க" என்றார் பொன்னுசாமி. "இவ அண்ணன அங்கதான் கூட்டிகினு போனோம். துணில சுத்திக் குடுத்தாங்க."

அலமேலுவின் கண் சுவர்க் கடிகாரத்தில் இருந்தது. எட்டு மாசக் குழந்தையைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு வந்திருந்தாள். ரெண்டரை மணி பஸ்ஸை விட்டால் குழந்தைக்குப் பால் இல்லை. மார்பில் பால் கட்டி, சேலை நனைந்திருந்தது.

"பழைய படம் ரெண்டும் கீதுங்க" என்று பொன்னுசாமி பையிலிருந்து எடுத்தார். "ஆனா ரெண்டும் ஒண்ணா ஆயிடுச்சு."

மருந்து ஆரம்பித்தபோது எடுத்த படம் ஒன்று, முடித்தபோது எடுத்த படம் ஒன்று. இரண்டும் முகத்தோடு முகம் ஒட்டி, வெயிலில் காய்ந்து பலகை மாதிரி இறுகியிருந்தன. வெளிச்சத்தில் பிடித்தால் இரண்டு நெஞ்சும் ஒன்றின்மேல் ஒன்றாகத் தெரிந்தன. ஒன்றும் சொல்ல முடியாது.

சீட்டு எழுதும் பொண்ணு விஜயா எட்டிப் பார்த்துவிட்டு, "இன்னாண்ணா இது, நேத்து கண்ணாலம் ஆன ஜோடி மாதிரி ஒட்டிகினு கீது?" என்றது. யாரும் சிரிக்கவில்லை.

"என் தப்புதாங்க" என்றாள் அலமேலு. அவள் பேசியதே அப்போதுதான். "சாமி மாடத்துல உப்பு ஜாடி வெச்சிருப்போம். மகாலட்சுமியாச்சே, அதுக்குக் கீழ வெச்சா காயிதம் தொலையாதுன்னு வெச்சேன். மழைல உப்பு கசிஞ்சு ஜாடி அழுதுடுச்சு."

எங்கள் பக்கம் நிறைய வீட்டில் செய்வதுதான். பட்டாவும் ரேஷன் கார்டும்கூட உப்பு ஜாடிக்குக் கீழே இருக்கும்.

"ஆமாம்மா, உப்பு ஈரத்த இழுக்கும்" என்று நான் சொன்னேன்.

பிள்ளைகளே, அந்த இடத்தில் நான் மறைத்ததை உங்களிடம் சொல்லிவிடுகிறேன். மருந்து முடித்த அந்த இரண்டாவது படத்தைக் கழுவியது எனக்கு ஞாபகம் இருந்தது. அந்த வருசம் பங்குனியில் போர்க்கிணறு வற்றி, வாளித் தண்ணீரில்தான் வேலை. அன்றைக்குப் பிரதோசம். ரிஷிவந்தியம் கோயிலுக்குப் போக வேண்டும் என்கிற அவசரம். அரை மணி நேரம் கழுவ வேண்டிய படத்தை வாளியில் நாலு முக்கு முக்கி மாட்டிவிட்டுப் பஸ் ஏறிவிட்டேன். சாமிக்காகத்தானே என்று மனசு சமாதானம் சொன்னது. ஆக, ஒட்டினது அவள் ஜாடி உப்பாலா, நான் உள்ளே விட்ட உப்பாலா? எனக்குத் தெரியவில்லை. தெரியாததை வைத்து அவள் தலையில் கட்டினேன்.

"பிச்சிப்புடுங்க, ரெண்டு பேரும் ரெண்டு பக்கம் இழுத்தா வந்துரும்" என்றார் பொன்னுசாமி.

"வந்துரும், நெஞ்சுதான் பாதி பாதியா வரும்" என்றேன். டாக்டர் என்னைப் பார்த்து, "ஒரு மணிக்குள்ள பிரிச்சுக் குடுக்க முடியுமாய்யா?" என்றார். முடியும் என்று வாய் சொல்லிவிட்டது.

உள்ளே போய்க் கதவைச் சாத்தினேன். ஊறவைக்க வேண்டும், சரி. எதில்? தொட்டித் தண்ணீர் வெந்நீர் மாதிரி இருந்தது. அதில் போட்டால் பூச்சு ஊதிக் கூழாகும். மேடம் சொன்ன உப்புத் தண்ணீரா? ஒட்டினதே உப்பால் என்று இப்போதுதான் வெளியே சொல்லிவிட்டு வந்தேன், மறுபடி உப்பிலேயே போடுவதா? யோசிக்க யோசிக்கக் குழம்பியது. யோசனையை விட்டுவிட்டு, குப்பையில் கிடந்த வீணான ஃபிலிமில் இரண்டு துண்டு வெட்டினேன். ஒன்றை வெறும் தண்ணீரில் போட்டேன். இன்னொன்றை, ஐஸ் கட்டி போட்டுக் குளிரவைத்து அந்த வெள்ளை உப்பைக் கரைத்த தண்ணீரில் போட்டேன். பத்து நிமிசம் கழித்துத் தொட்டால், முதல் துண்டின் பூச்சு ஆடையாக விரலோடு வழுக்கி வந்தது. இரண்டாவது துண்டு கொஞ்சமாக உப்பி, பிடிப்போடு இருந்தது.

ஏன் என்று தெரியாது. கண்ணால் பார்த்தேன், அது போதும் என்று படங்களை உப்புத் தண்ணீரில் இறக்கினேன். தெரியாத காரியத்தை அடுத்தவர் படத்தில் முதலில் செய்து பார்க்காதீர்கள். இது ஒன்றை மட்டும் உறுதியாகச் சொல்வேன்.

பதினொன்றரைக்கு ஒரு மூலை தானாக விட்டது. பன்னிரண்டரைக்குப் பாதி. தட்டைச் சாய்த்துச் சாய்த்து, நகம் படாமல், தண்ணீரையே உள்ளே நுழையவிட்டேன். தோசை கல்லை விட்டு நகருகிற மாதிரி ஒன்று மற்றொன்றை விட்டு நகர்ந்தது. என் வாய் முணுமுணுத்துக்கொண்டே இருந்தது. "அப்பனே, அம்மையே, அது தழும்பாவே இருக்கட்டும். அந்தப் புள்ள தன் கொழந்தைகிட்ட போய்ச் சேரட்டும்."

ஒரு மணிக்கு விஜயா கதவைத் தட்டியது. "அண்ணா, டாக்டரு சாப்பாட்டுக்குக் கெளம்பறாரு. அவங்களும் பஸ்ஸு பஸ்ஸுன்னு நிக்கிறாங்க. இன்னும் இன்னா பண்ணிகினு கீறீங்க?"

இன்னும் ஓர் இடம் மட்டும் பிடித்துக்கொண்டிருந்தது. இன்னொரு பத்து நிமிசம் ஊறவிட்டிருந்தால் தானாக விட்டிருக்கும். நான் மெதுவாக இழுத்தேன். வாழைத்தண்டில் நார் விடுகிற மாதிரி ஒரு சின்ன பிடிப்பு, பிறகு வந்துவிட்டது.

சொட்டச் சொட்ட இரண்டாவது படத்தை எடுத்துப் போய் டாக்டர் அறையில் லைட் பெட்டியில் மாட்டினேன். பக்கத்தில் புதுப் படம். டாக்டர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தார். வலது பக்கம் மேலே, அதே இடத்தில், கட்டை விரல் நகம் அளவுக்கு வெளுப்பு.

"இதோ கீது பார். அப்பவே இருந்திருக்கு. தழும்புதான். இருமலுக்கு மருந்து எழுதறேன், கெளம்புங்க."

பொன்னுசாமி பெண்சாதியைப் பார்த்து, "நான் இன்னா சொன்னேன்? சேலமாம் சேலம்" என்றார். அலமேலு தாலியை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பிறகு என்னைப் பார்த்துக் கும்பிட்டாள். என் கண்ணும் கலங்கிவிட்டது. கேட்டது கிடைத்துவிட்டது என்று நினைத்தேன்.

அவர்கள் மருந்துச் சீட்டை வாங்கிக்கொண்டு வாசலுக்கு நகர்ந்தார்கள். நான் படத்தைக் கழற்றக் கை வைத்தேன். மேலே க்ளிப்பிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் படத்தின் மேல் இறங்கியது. நேராக வந்தது, அந்த வெளுப்பின் ஓரத்தில் நின்றது. பிறகு கரையைச் சுற்றிக்கொண்டு கீழே போனது.

தழும்பு நெஞ்சுக்குள் இருப்பது. படத்தின் மேல் அதற்கு மேடும் பள்ளமும் ஏது? தண்ணீர் ஏன் சுற்றிக்கொண்டு போகிறது?

துணி எடுக்கிற மாதிரி இருட்டு ரூமுக்குள் போய் விளக்கைப் போட்டேன். தட்டில் கிடந்த முதல் படத்தைத் தூக்கிப் பார்த்தேன். அதன் மேல் ஈரத் தோல் ஒன்று சின்னதாக ஒட்டிக்கொண்டிருந்தது, நகம் அளவுக்கு. நான் இழுத்தபோது இரண்டாவது படத்தின் ஒரு பக்கப் பூச்சு அந்த இடத்தில் உரிந்து இதோடு வந்துவிட்டது. இரண்டு பக்கப் பூச்சில் ஒரு பக்கம் போனால் கறுப்பு பாதியாகும். பாதி கறுப்பு எப்படி இருக்கும்? நிழல் மாதிரியே இருக்கும்.

அப்படியும் மனசு என்னைவிட வேகமாக ஓடியது. உரிந்த இடத்துக்கு அடியில் நிஜமாகவே தழும்பும் இருக்கலாமே? டாக்டரே பார்த்துச் சொல்லிவிட்டார், நீ யார்? நீ வேண்டினாய், அவன் கொடுத்தான், கொடுத்ததைக் கையால் தட்டிவிடுவாயா? ஜன்னல் வழியாகப் பார்த்தால் அவர்கள் வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார்கள். அலமேலுவின் முகத்தில் காலையிலிருந்து இல்லாத ஒரு தெளிவு. அதைக் கெடுக்கப்போவது நான்தான். என் பிரதோசமும் என் பத்து நிமிசமும் சேர்ந்து உண்டாக்கின நிழல் அது என்றும் சொல்லியாக வேண்டும்.

கடவுளிடம் கேட்டுப் பார்த்தேன். பதில் வந்தது என்றெல்லாம் எழுத மாட்டேன். எதுவும் வரவில்லை. கால்தான் நடந்தது.

"அலமேலும்மா, போவாதீங்க. உள்ள வாங்க."

டாக்டரிடம் இரண்டு படத்தையும் காட்டினேன். "ஐயா, அது நெழல் இல்லீங்க. தோலு உரிஞ்ச எடம். அவசரத்துல நான்தான் இழுத்துட்டேன்."

அவர் முகம் சிவந்தது. "இன்னாய்யா சொல்ற? இப்ப வந்து சொல்ற?" என்றார். ஆனாலும் தடவிப் பார்த்தார். பிறகு கைவிளக்கை வாங்கி, படத்துக்குப் பின்னால் நெருக்கிப் பிடித்து ரொம்ப நேரம் பார்த்தார். பின்பக்கப் பூச்சு அந்த இடத்தில் பத்திரமாக இருந்தது. அதில் நுரையீரல் சுத்தமாக, கோடு கோடாகத் தெரிந்தது. தழும்பு எதுவும் இல்லை.

"அப்ப இது புதுசுதான்" என்றார் மெதுவாக. "சேலம் போய்த்தான் ஆவணும்மா."

பொன்னுசாமி என் பக்கம் திரும்பினார். "காத்தால உப்பு ஜாடின்னீங்க. அப்பறம் தழும்புன்னீங்க. இப்ப தோலுன்றீங்க. இன்னும் கொஞ்ச நேரம் நின்னா இன்னா சொல்வீங்க?"

அவர் கேட்டதில் தப்பே இல்லை. "ஜாடியும் இருக்காதுங்க" என்றேன். "அன்னிக்குப் படத்த நான் சரியா கழுவல. கோயிலுக்குப் போற அவசரம்."

"ஜாடி இல்லன்னு எனக்குத் தெரியும்" என்றாள் அலமேலு. எல்லாரும் அவளைப் பார்த்தோம். "ரெண்டும் ஒரே ஜாடிக்குக் கீழதான் இருந்துச்சு. மொத மழைலயே ரெண்டாவதா எடுத்தது மட்டும் கைல ஒட்டுச்சு. இன்னொண்ணு நல்லாத்தான் இருந்துச்சு."

"அப்ப ஏம்மா உன் தப்புன்னு சொன்ன?" என்றேன்.

"திட்டுவீங்கன்னு பயந்து சொன்னேன். நீங்களும் ஆமான்னீங்களே" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் எனக்கு இன்னும் வலிக்கிறது.

பொன்னுசாமி, "வா போலாம், வண்டிக்கு நேரமாச்சு, இவங்க பேச்சே வேணாம்" என்று அவள் கையைப் பிடித்தார். டாக்டர் என்னைப் பார்த்த பார்வையில், போனால் இவள் திரும்பி வரமாட்டாள் என்பது தெரிந்தது. அலமேலு வாசல்வரை போய் நின்றாள்.

"படம் ரெண்டும் இங்கயே இருக்கட்டும்ணா" என்றாள். "நாளைக்கு மொத வண்டில கொழந்தையத் தூக்கினு வந்து வாங்கிக்கிறேன்."

"வந்து?" என்றார் புருசன்.

அவள் படி இறங்கினாள்.

அன்றைக்கு மத்தியானம் இரண்டு படத்தையும் எடுத்து, உரிந்த தோலைத் தொடாமல், ஐஸ் போட்ட தண்ணீரை மாற்றி மாற்றி, ஒரு மணி நேரம் கழுவினேன். அவள் வருவாளா என்று எனக்குச் சந்தேகம். வராவிட்டால் இந்தக் கழுவலுக்கு என்ன அர்த்தம் என்றும் தெரியவில்லை. வேண்டிக்கொள்ளவும் பயமாக இருந்தது. முதல் தடவை கேட்டதற்கு என்ன வந்தது என்று பார்த்துவிட்டேனே. தழும்பு வேண்டும் என்று கேட்டேன், தழும்பு மாதிரியே ஒன்று வந்தது. கொடுத்தது யார், என் கையா, அவனா? எத்தனையோ பேரிடம் கேட்டுவிட்டேன். யாரும் எனக்கு விளங்குகிற மாதிரி சொல்லவில்லை.

அவளுக்கு என்ன ஆச்சு என்று கேட்பீர்கள். நோய்தான் திரும்பி வந்திருந்தது. ஆரம்பத்திலேயே பிடித்துவிட்டார்கள். நீள மருந்து, பல்லைக் கடித்துக்கொண்டு சாப்பிட்டுத் தேறினாள். ஆனால் அதெல்லாம் தெரியாத அந்த அடுத்த நாள் காலையைச் சொல்லி முடிக்கிறேன்.

கிளினிக் திறக்குமுன்பே போய் வாசலில் நின்றேன். மலையிலிருந்து வரும் முதல் வண்டி வந்து, ஆட்கள் இறங்கி, பலா மூட்டைகள் இறங்கி, வண்டி காலியானது. யாரும் இல்லை. நான் உள்ளே திரும்பினேன். பின்னால் குழந்தை சிணுங்கும் சத்தம் கேட்டது. முந்தின ஸ்டாப்பிலேயே இறங்கியிருக்க வேண்டும், தெரு முனையில் டீக்கடைப் பக்கமிருந்து இடுப்பில் குழந்தையோடு அலமேலு வந்துகொண்டிருந்தாள். நாலடி பின்னால் ஒரு துணி மூட்டையோடு பொன்னுசாமி, முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு.

காய்ந்த படங்களை எடுத்துக் கொடுத்தேன். அவள் உறையைப் பிரித்து, இரண்டாவது படத்தின் மேல் புறங்கையை வைத்து அழுத்தினாள். எடுத்தாள். கையைப் பார்த்தாள்.

"ஒட்டல" என்றாள்.

பிறகு கேட்டாள்: "சேலம் பஸ்ஸு எந்தப் பக்கம்ணா நிக்கும்?"